எழுத்தும் குரலும்

நூல் என்பது கண்ணாற் கண்டு படித்தற்கு உரியது என்று இக்காலத்தார் பலர் எண்ணுகின்றனர். பழந்தமிழர் அவ்வாறு எண்ணினாரல்லர். அவர்க்கு நூல் முதற்கண் செவிக்கு உரிய பொருளாகும். புலவன் ஒருவன் நூலொன்றை இயற்றி முடித்தால், ஏட்டில் எழுதப்பட்ட அளவிலேயே அது நூலாகக் கொள்ளப்படவில்லை. கற்றோர் கூடிய அவையில் அவனே அதனைப் படித்தல் வேண்டும். அவையோர் எழுப்பும் ஐயங்களுக்கு அவனே விடை கூறல் வேண்டும். அதன் பின்னரே அந்நூல் உலகில் வழங்கத் தொடங்கும். இதனை அரங்கேற்றம் என்பர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அந்நூலின் பாயிரமே அறிவிக்கின்றது. கம்பர் தம் இராமகாதையைத் திருவரங்கத்திலும், சேக்கிழார் தம் புராணத்தைத் தில்லையிலும் அரங்கேற்றினர் என்பன வழிவழியாக வரும் செய்திகள். ஆசிரியன் தன் நூலைத் தானே படித்தலும், அதனைப் பற்றி உரையாடலும் ஆகிய இரண்டும் அக்காலத்தில் ஓரிடத்தில், ஒருங்கே நிகழ்ந்தன.

அச்சுப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. ஆசிரியர் ஓரூரில் இருந்து எழுதினார்; படிப்போர் வேறு வேறு ஊர்களில் இருந்து படித்தனர். ஒருவரை ஒருவர் கண்டதில்லை, கேட்டதுமில்லை. அச்சினால் விளைந்த நன்மை அளவிடற்கரியது என்பதில் ஐயமில்லை. ஓரிரண்டு ஏடுகளாகக் கிடந்த நூல் ஆயிரம் படிகளாகப் பெருகிற்று. ஆயினும், அந்த ஆயிரம் படிகளில் ஒன்றிலேனும் ஆசிரியரின் குரல் இல்லை.

குரல் இன்மையால் வந்த குறை யாது என்று சிலர் வினவக்கூடும். "அப்படியா" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அது ஐந்தே எழுத்துக்குப் பின் ஒரு புள்ளியோ வினாக்குறியோ பெற்று நிற்கும். வாயாற் சொல்லும்போதோ, வியப்பால் ஒரு வகையாகவும், ஐயத்தால் ஒரு வகையாகவும், இகழ்ச்சியால் மற்றொரு வகையாகவும், துயரச் செய்தி கேட்டு நெஞ்சு தளர்ந்தபோது வேறொரு வகையாகவும் அஃது ஒலிக்கும். எழுதியவர் எந்த ஒலியை எண்ணி எழுதினார் என்பதை எழுத்து முழுமையாகக் காட்டாது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை முதலாக மெய்ப்பாடு எட்டு என வகுத்தார் தொல்காப்பியர். அவை முகத்திலும் குரலிலும் தோன்றுவன. அச்சு முகத்தையும் மறைத்தது, குரலையும் மறைத்தது.

சொல் நிலைத்திருக்க ஒலி மறைந்து போவதால் நேரும் இழப்பைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். தேவார ஏடுகளைத் தில்லையில் நம்பியாண்டார் நம்பியின் துணையால் சோழ மன்னன் வெளிக்கொணர்ந்தபின், பாடல்கள் கிடைத்தும் அவற்றைப் பாடும் பண் முறை தெரியாதிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். ஏட்டைக் காக்கக் கோயில் அறை போதும். இசையைக் காக்க உயிருள்ள ஒரு தொண்டை வேண்டியிருந்தது.

அண்மைக் காலத்திலும் இத்தகைய இழப்பு ஒன்று நேர்ந்தது. பாரதியார் 1882ஆம் ஆண்டு பிறந்து 1921ஆம் ஆண்டு மறைந்தவர். தம் பாடல்கள் பலவற்றிற்கு இராகமும் தாளமும் அவரே குறித்து வைத்தார். அவர் வாய்விட்டுப் பாடிய சிறப்பை அவருடன் பழகியோர் எழுதி வைத்தனர். அவர் வாழ்ந்த நாளிலேயே இசைத்தட்டுகள் தென்னாட்டில் விற்பனையாகிக் கொண்டிருந்தன. அங்ஙனமிருந்தும் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. ஒளிப்படம் ஒரு சில உண்டு. குரல் ஒரு நொடிப் பொழுதேனும் இல்லை. அவர் பாடல்களை இன்று பல்லாயிரவர் பாடுகின்றனர். அவர் எவ்வாறு பாடினார் என்பதைக் கேட்டறிய வழியில்லை.

மேலைநாட்டில் இம்முயற்சி சற்று முன்னரே தொடங்கிற்று. எடிசன் 1877ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1889இல், இராபர்ட் பிரௌனிங் என்னும் ஆங்கிலப் புலவரை ஒரு விருந்தில் அக்கருவியின் முன் நிறுத்தித் தம் பாடலொன்றைச் சொல்லுமாறு வேண்டினர். முதுமையெய்தியிருந்த அவர் சில அடிகளை விரைந்து சொன்னார். பிறகு சொற்களை மறந்தார். தம் பாடலையே தாம் மறந்தமைக்கு வருந்துவதாகக் கூறினார். அனைத்தும் பதிவாயின. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் இறந்தார். ஓராண்டு நிறைந்தபோது நண்பர்கள் கூடி அப்பதிவை ஒலிக்கச் செய்து, மறைந்தவரின் குரலைக் கேட்டனர். அப்பாடலைப் பிழையின்றிப் படிக்க இன்று எவராலும் இயலும். ஆனால் அந்தத் தடுமாற்றமும், அதனை ஒளிக்காமல் உரைத்த நகைமுகமும் அவர்க்கே உரியன.

வானொலி வந்தபின் தமிழகத்தில் எழுத்தாளரின் குரல் வீடுகளுக்குள் புகுந்தது. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், கோவை நிலையம் 1966ஆம் ஆண்டிலும் தோன்றின. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டில் வந்தது. எனினும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறித்த நேரத்தில் கேட்டவர்க்கே அது கிட்டிற்று. அந்நேரத்தில் ஆலையில் வேலை செய்தவர்க்கும், வயலில் நீர் பாய்ச்சியவர்க்கும் கிட்டவில்லை.

இக்குறையை நீக்கியது காணொளி. படமும் ஒலியும் சேர்ந்த பதிவைக் காணொளி என்கின்றோம். யூடியூப் என்னும் தளம் 2005ஆம் ஆண்டு தோன்றியபின், ஒருவர் பதிவு செய்ததை உலகெங்கும் உள்ளவர் தாம் விரும்பிய நேரத்தில், விரும்பிய முறை காணலாம் என்னும் நிலை ஏற்பட்டது. எழுத்தாளர் தம் கதையையோ கவிதையையோ படிப்பதும், நேர்காணலில் அமர்ந்து வினாக்களுக்கு விடை கூறுவதும், நூல் வெளியீட்டு மேடையில் உரையாற்றுவதும், அவர் வாழ்வையும் ஊரையும் காட்டும் ஆவணப்படமும் எனக் காணொளிகள் பல திறத்தன. சென்னையைச் சார்ந்த சுருதி டிவி என்னும் தளம் தமிழ் இலக்கியக் கூட்டங்களைப் பதிவு செய்து வெளியிடுவதையே பெரும்பணியாகக் கொண்டுள்ளது. சாகித்திய அகாதெமி இந்திய மொழிகளின் எழுத்தாளர் பலரைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்துள்ளது. அமெரிக்க நாட்டுக் காங்கிரசு நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 2000ஆம் ஆண்டில், தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழிகளின் எழுத்தாளர்கள் தம் படைப்புகளைத் தாமே படிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்தது.

இனித் திருப்பூரின் நிலையைக் காண்போம். நொய்யலாற்றங்கரையில் உள்ள இந்நகரைப் பனியன் நகரம் என்றே பிற ஊரார் அழைப்பர். நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், ஓவர்லாக் எந்திரத்திலும் பேட்லாக் எந்திரத்திலும் தைத்தல், பிசிறு வெட்டுதல், பிழை நோக்குதல், மடித்துக் கட்டுதல் எனப் பற்பல கைகளைக் கடந்து ஓர் ஆடை உருவாகின்றது. மதுரை, தேனி முதலிய தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வேலை நாடி வந்தோர் இங்கே மிகப் பலர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும், அதற்கும் முன்னரே நிறுத்தியவரும் அவருள் உளர். காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டரை வரை நீளும் நாள்கள் உண்டு. அதனை ஒன்றரை ஷிப்ட் என்பர். இத்தகையோர் ஒரு நாவலைக் கையில் எடுத்து அமர்ந்து படித்தற்கு நேரம் ஏது? விளக்கை அணைத்தபின்னும் கேட்கலாம். பேருந்தில் நின்றுகொண்டும் கேட்கலாம் என்பதே காணொளியின் தனிச்சிறப்பு. பெருந்தொழிற்சாலைகள் சிலவற்றில் கைப்பேசியை உள்ளே கொண்டு செல்ல விடுவதில்லை. ஆங்கு வேலை செய்வோர் விடுதி திரும்பிய பின்னரே கேட்டல் இயலும்.

அவர்கள் அனைவரும் எழுத்தாளர் உரையையே கேட்கின்றனர் என்று கூறுவது மிகையாகும். திரைப்பாடலையும் நகைச்சுவைத் துணுக்கையும் கேட்போரே பெரும்பாலர். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர் பாட்டுக் கேட்பதில் குற்றமொன்றும் இல்லை. எனினும் ஆங்காங்கே ஒருவர் இருவர், எஸ். ராமகிருஷ்ணன் டால்ஸ்டாயைப் பற்றியும் தாஸ்தயேவ்ஸ்கியைப் பற்றியும் ஆற்றிய உரைகளையோ, நாஞ்சில் நாடன் கம்பனைப் பற்றி ஆற்றிய உரையையோ தற்செயலாகக் கேட்டு, பின்பு அந்நூலைத் தேடிச் செல்வதுண்டு. அவர்க்கென ஊரிலேயே வாயிலும் உண்டு. ஆண்டுதோறும் தைத் திங்களை ஒட்டித் திருப்பூரில் புத்தகத் திருவிழா நடைபெறும். அதனைத் தொடங்கி வளர்த்தவற்றுள் ஒன்றின் பெயர் பின்னல் புக் டிரஸ்ட். நூலால் துணி பின்னும் ஊரில், மற்றொரு நூலைப் பரப்பும் அமைப்புக்குப் பின்னல் என்று பெயரிட்டவர் சொல்நயம் அறிந்தவரே ஆதல் வேண்டும்.

இந்நிலத்து வாழ்வையே நூலாக்கிய எழுத்தாளரும் உளர். சுப்ரபாரதிமணியன் செகந்தராபாத்தில் வாழ்ந்தபோது கனவு என்னும் சிற்றிதழைத் தொடங்கியவர். பின்பு திருப்பூரில் வாழ்ந்து எழுதுபவர். சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறியதும், நிலமும் கிணறும் கெட்டதும், அவ்விடத்து மனிதர் அடைந்த அலைக்கழிவும் அவருடைய சாயத்திரை என்னும் நாவலின் பொருள். அது 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. நொய்யலின் குறுக்கே உழவுக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குளமாயிற்று. கழிவைத் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஆணையிட்டது. ஆணைக்குப் பதின்மூன்று ஆண்டு முன்னரே நாவல் வந்துவிட்டது என்பது கருதத்தக்கது. நீதிமன்றத் தீர்ப்பில் அளவும் சட்டமும் இருக்கும். நாவலில் மனிதர் இருப்பர். அதனை எழுதியவரே ஆற்றங்கரையைச் சுட்டிப் பேசுங்கால், கேட்போர் தம் தெருவின் கதையைக் கேட்பவராகின்றனர். சாயத்தொட்டியில் கைவைத்து வேலை செய்தவர்க்கு அந்நாவலின் சொற்கள் அகராதி பார்த்து அறிய வேண்டியவை அல்ல.

கொங்கு நாட்டுப் பேச்சுவழக்கிற்குக் காணொளி செய்யும் உதவி தனித்துக் கூறத்தக்கது. தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917ஆம் ஆண்டு பிறந்த ஆர். சண்முகசுந்தரம், நாகம்மாள் என்னும் நாவலை 1942இல் வெளியிட்டார். கொங்கு உழவர் பேசும் தமிழை நாவலில் பேசவைத்த முன்னோடி அவரே. 1977ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கொங்குப் பேச்சின் உயிர் அதன் இழுவையில் உள்ளது. "ஏனுங்க" என்னும் ஒரு சொல் அழைத்தற்கும், வினவுதற்கும், தயங்கி மறுத்தற்கும், மனைவி கணவனை விளித்தற்கும் ஆகும். எவ்வெழுத்தை எவ்வளவு நீட்டுவது என்பதில் பொருள் மாறும். மாத்திரைக் கணக்கு இலக்கணத்தில் உண்டு; ஆனால் இந்த நீட்டத்தை அளக்கும் மாத்திரையை எவரும் வகுத்திலர். அயலூர் மாணவன் நாகம்மாளைப் படிக்குங்கால், சொற்களை அறிவான். ஓசையைத் தன் ஊர் ஓசையாகவே கொள்வான். நெல்லை மாணவன் நெல்லைத் தமிழாகவும், சென்னை மாணவன் சென்னைத் தமிழாகவும் அதனைப் படிப்பான்.

இன்று எழுதுவோர்க்கு அத்தீங்கு நேர வேண்டுவதில்லை. திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966ஆம் ஆண்டு பிறந்த பெருமாள்முருகன் கொங்கு மண்ணையே தம் நாவல்களின் களமாகக் கொண்டவர். கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் 2000ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டார். சாளை என்பது காட்டில் உள்ள குடிசை என்றும், அப்புச்சி என்பது தாயின் தந்தை என்றும், ஒறம்பரை என்பது வீட்டுக்கு வரும் உறவினர் என்றும் அகராதி பொருள் கூறும். அச்சொற்களை அவரே காணொளியில் ஒலிக்கக் கேட்டால், பொருளோடு உறவின் வெம்மையும் புலனாகும். அவருடைய ஆளண்டாப் பட்சி என்னும் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023ஆம் ஆண்டு ஜேசிபி பரிசு பெற்றது. தமிழறியாதார் பலர் அவர் உரையாடலை ஆங்கிலப் பெயர்ப்போடு கண்டு, பிறகு நூலை நாடினர். இவ்வாறே கரிசல் நிலத்துச் சொற்களுக்கு அகராதி கண்ட கி. ராஜநாராயணன் 2021ஆம் ஆண்டு மறைந்தார். ஆனால் அவர் கதை சொல்லும் அழகைக் காணொளிகளிற் காணலாம். அவர் எழுத்து எழுதப்பட்டது போலன்றிச் சொல்லப்பட்டது போல இருக்கும் என்பர். அக்குரலைக் கேட்டபின் மீண்டும் அவர் நூலைத் திறந்தால், வரிகளுக்கிடையே அக்குரல் தானே வந்து அமர்ந்துகொள்ளும்.

திருப்பூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010ஆம் ஆண்டு முதல் மூத்த எழுத்தாளர்க்கு விருது வழங்கி வருகின்றது. விருது பெறுபவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்து விழாவில் திரையிடும் வழக்கமும் அங்கு உண்டு. 2014ஆம் ஆண்டு விருது பெற்றவர் கவிஞர் ஞானக்கூத்தன். அவரைப் பற்றிய படமும் அவ்விழாவிற்கென எடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் காலமானார். படமெடுக்கும் முயற்சி இரண்டாண்டு தாழ்ந்திருப்பின் அவர் பேச்சு அவ்வடிவில் நமக்குக் கிட்டியிராது. ஜெயகாந்தன் 2015இலும், அசோகமித்திரன் 2017இலும் மறைந்தனர். மேடையில் அரிமா போல் முழங்கிய முன்னவரையும், மெல்லக் குரல் தாழ்த்திப் பேசிய பின்னவரையும் நேரிற் கேளாத மாணவர், காணொளி வாயிலாக அவ்வேறுபாட்டை உணர்வர். எழுத்திலும் அவ்வேறுபாடு உண்டு என்பதைப் பிறகு தாமே கண்டுகொள்வர்.

முதுமையும் நோயும் தடுத்தவிடத்தும் காணொளி கைகொடுத்தது. 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற நாடக ஆசிரியர் ஆரல்டு பிண்டர் உடல்நலம் குன்றியிருந்தமையால் சுவீடன் செல்ல இயலவில்லை. அவர் உரை முன்னரே பதிவு செய்யப்பட்டு, ஸ்டாக்ஹோமில் திரையிற் காட்டப்பட்டது. 2013இல் பரிசு பெற்ற கனடா நாட்டுச் சிறுகதை ஆசிரியர் ஆலிசு மன்றோ சொற்பொழிவே நிகழ்த்தவில்லை. தம் கதைகள் பிறந்த வகையை உரையாடலாகக் கூறினார். அவ்வுரையாடலின் காணொளியே சொற்பொழிவின் இடத்தைப் பெற்றது. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் கூட்டங்கள் நின்றபோது, தமிழ் எழுத்தாளர் இணையவழிக் கூட்டங்களில் பேசினர். திருப்பூரில் இருப்பவர் பேசுவதை டொரண்டோவில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே வேளையில் கேட்டு வினா எழுப்பினர்.

எனினும், ஆசிரியர் தம் நூலைப் பற்றிக் கூறுவதே முடிந்த பொருள் எனக் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது. திருக்குறளுக்குப் பழைய உரை வகுத்தோர் பதின்மர். அவர் பல குறள்களில் ஒருவரோடு ஒருவர் மாறுபடுவர். வள்ளுவர் தாமே தோன்றித் தம் கருத்து இன்னதென்று கூறியிருப்பின் பதின்மர்க்கும் வேலையில்லாது போயிருக்கும். பரிமேலழகர் உரையின் நயத்தையும் நாம் இழந்திருப்போம்! நூல் ஆசிரியர் கையை விட்டு நீங்கியபின், அவர் எண்ணாத பொருளையும் தரக்கூடும். ஆதலால், காணொளியில் ஆசிரியர் கூறும் விளக்கத்தை ஒரு சிறந்த சான்றாகக் கொள்ளல் தகும். தீர்ப்பாகக் கொள்ளல் வேண்டா. இந்நிகழ்ச்சி எங்கிருந்து கிடைத்தது, எத்தனை முறை திருத்தினார், எப்பகுதியை நீக்கினார் என்பன அவரே கூறத்தக்கவை. அக்கதை சிறந்ததா, அன்றா என்பது படிப்போர் கூறத்தக்கது. நல்ல எழுத்தாளர் சிலர் தம் எழுத்தைப் படிக்குங்கால் திக்குவர். நாவன்மை மிக்க சிலரின் எழுத்து வலியற்றிருக்கும். பேச்சுத்திறனைக் கொண்டு எழுத்தை எடைபோடும் தவறு காணொளிக் காலத்தில் மிகுதியாக நிகழ்கின்றது.

மற்றுமொரு தீங்கு, துண்டித்தல். ஒரு மணி நேர உரையில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவர். எழுத்தாளர் எதிராளியின் கூற்றை எடுத்துக்காட்டி மறுக்க முற்பட்டிருப்பார். மறுப்பை விடுத்து, எடுத்துக்காட்டை மட்டும் வெட்டினால் அவரே அக்கொள்கையர் போலத் தோன்றுவார். அதனைக் கண்டு சினந்து எழுதுவோர் முழு உரையைக் கேட்பதில்லை. நூலில் ஒரு வரியைப் பிரித்தெடுத்து இடர் விளைத்தலும் உண்டு. ஆனால் குரலும் முகமும் சேர்ந்து வருதலின், துண்டுக் காணொளி மிக எளிதில் நம்பப்படுகின்றது.

கேட்கும் முறையைக் குறித்தும் ஒன்று கூறுதல் பொருந்தும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் கொங்கு நாட்டவர். பெருந்துறைக்கு அண்மையில் உள்ள சீனாபுரத்தை அவர் ஊராகக் கூறுவர். ஒரு பாடத்தை இருமுறை கேட்பவனுக்குப் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மும்முறை கேட்பவன் அதனைப் பிறர்க்கு முறையாக உரைக்க வல்லவனாவான் என்றும் அவர் வகுத்தார். அக்காலத்தில் ஆசிரியரை இரண்டாம் முறை சொல்லுமாறு கேட்பதற்கே மாணவன் அஞ்சுவான். காணொளியிலோ, வேண்டுமிடத்தில் நிறுத்தலாம், பின்சென்று மீண்டும் கேட்கலாம், எவரும் சினவார். இவ்வளவு எளிமை இருந்தும், ஒருமுறை கூட இறுதிவரை கேளாது அடுத்ததற்குத் தாவும் இயல்பு பெருகியுள்ளது. கதையை முன்னரே படித்துவிட்டு, நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் எங்கே நிறுத்துகின்றார், எச்சொல்லை அழுத்துகின்றார், அச்சில் உள்ள எச்சொல்லை வாயில் மாற்றுகின்றார் என்று நோக்கினால் பயன் மிகும். புதுக்கவிதையில் அடி முடியும் இடமெல்லாம் நிறுத்தம் அன்று என்பதும், ஒற்றுமிகுதல் ஓசையிலிருந்து பிறந்த விதி என்பதும் அவ்வாறு கேட்பவர்க்கே எளிதில் விளங்கும்.

இப்பதிவுகள் நிலைத்திருக்குமா என்பது பெரியதொரு வினா. கொங்குவேளிர் என்னும் புலவர் விசயமங்கலத்தில் இருந்து பெருங்கதையை இயற்றினார் என்பர். விசயமங்கலம் திருப்பூருக்கு அண்மையிலேயே உள்ளது. உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பிக்கச் சுவடிகளைத் தேடியபோது, அதன் முதலும் கிட்டவில்லை, முடிவும் கிட்டவில்லை. 1924ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பு, கிடைத்த அளவினதே. படிகள் குறைவாக இருந்தமையே அதற்குக் காரணம். காணொளியும் படியெடுத்து வைக்கப்படாவிடின் அந்நிலையே எய்தும். தளத்தை நடத்தும் நிறுவனம் ஒரு பதிவை நீக்கலாம். பதிவேற்றியவர் தம் கணக்கை மூடலாம். கணிப்பொறி வட்டு பழுதுபடலாம். பழைய ஒளிநாடாக்களில் பல பூஞ்சை படிந்து, அவற்றை ஓட்டும் கருவியும் கிடைக்காமல் கிடக்கின்றன. பனையோலை முந்நூறு ஆண்டு தாங்கிற்று. நாடா முப்பது ஆண்டு தாங்கவில்லை. ஆதலால் நாள், இடம், பேசியவர், படித்த நூல் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு மூன்று இடங்களில் படி வைப்பதே நூலகத்தார் கைக்கொள்ளும் முறையாகும். பேசியதை எழுத்தாகப் பெயர்த்து உடன் வைப்பின், செவிப்புலன் குன்றியோர்க்கும் அது பயன்படும்.

பெயர்பெற்ற எழுத்தாளரை எவரேனும் பதிவு செய்துவிடுவர். அவிநாசியிலும் பல்லடத்திலும் காங்கேயத்திலும் ஒரு சிறு கவிதை நூலோ, ஓர் ஊர்க்கதைத் தொகுதியோ வெளியிட்டுவிட்டு முதுமையில் இருப்போரையே எவரும் நாடுவதில்லை. ஆலைத் தொழிலைப் பற்றித் தொழிலாளரே எழுதிய கவிதைகளும் உள. அவற்றை எழுதியவர் தறியோசையின் நடுவே பேசிப் பழகிய உரத்த குரலில் படிக்கும் அழகு வேறு எவர்க்கும் வாயாது. நாகம்மாளுக்கும் அத்தகைய ஒரு வழி உண்டு. அதன் ஆசிரியர் இல்லை. ஆயினும் அவர் கேட்டு வளர்ந்த பேச்சைப் பேசும் முதியோர் தாராபுரத்துச் சிற்றூர்களில் இன்னும் இருக்கின்றனர். அவருள் எழுத்தறிந்த ஒருவர் அந்நாவலின் உரையாடல்களை வாய்விட்டுப் படிக்க, பேரப்பிள்ளை ஒருவர் கைப்பேசியில் அதனைப் பதிவு செய்வாராயின், அச்சொற்கள் எவ்வாறு ஒலித்தன என்பதற்கு ஒரு சான்று கிட்டும். அதற்கு வேண்டுவன, காற்றும் வண்டியோசையும் புகாத ஓர் அறையும், ஒரு மணி நேரமும், அம்முதியவர் பேசும் வாய்க்கு அண்மையில் வைக்கப்பட்ட ஓர் ஒலிவாங்கியுமே.